நெத்திலிக்குப் போன பத்தாயிரம் வருஷம்

மூக்குத்தித்துறையில் முதல் பனி விழுந்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். கருவாடு காய்கிற வெயிலில், நாய்கூட வள்ளத்து நிழலைவிட்டு நகராத நேரத்தில், ஜெசிந்தா வீட்டு நடு அறையில், ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் மூன்று றெக்கைகளிலிருந்தும் அது விழுந்தது. தொட்டிலில் தூங்கிய பச்சைப் பிள்ளையின் மேல் ஒரு பொட்டுகூட விழாமல், தொட்டிலைச் சுற்றி வட்டமாக, இடியாப்ப மாவைச் சலித்தாற்போல விழுந்துகொண்டே இருந்து, பிள்ளை கண் விழித்துக் கொட்டாவி விட்டதும் நின்றது.

எதிர்வீட்டுக் கித்தேரியக்கா மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏளா, வீட்டுக்குள்ள என்னத்தக் கொட்டி வச்சிருக்கே?"

"பனி விழுந்திருக்குக்கா."

"அதான பாத்தேன். தெருவுல வரும்போதே காலு ஜில்லுன்னுச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து சுடுமணலில் நடந்த இரண்டு பாதங்களையும் பனிக்குள் புதைத்து, "யாத்தே, மாதாவே" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. தூத்துக்குடிப் பெரிய கோயிலில் இருக்கிறவளும் பனிமய மாதா, மூக்குத்தித்துறைச் சின்னக் கோயிலில் இருக்கிறவளும் பனிமய மாதா. உப்பளமும் வெயிலும் வேர்வையுமாகக் கிடக்கிற கரையில் பனியின் பேரை வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாளே, பனியை யார் கண்டார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "இத்தன காலமா பேர மட்டும் வச்சிக்கிட்டு நின்னா, இப்பதான் சாமான் வந்து சேந்திருக்கு" என்றாள் கித்தேரியக்கா. பங்குச் சாமியார் வந்து பார்த்து, ஜெபம் சொல்லி, போகும்போது ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளைக்குப் பனிமேரி என்று பேர் வைத்தாயிற்று. கப்பலில் என்ஜின் ரூம் வேலையிலிருந்த அப்பன் டென்சில், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போனில் கேட்டுவிட்டு, "பனியா? இங்க நான் வெந்துக்கிட்டுக் கிடக்கேன், ஒரு டப்பால போட்டு அனுப்பி விடேன்" என்றான்.

பயந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். ஏனென்றால் ஊரில் பனியைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுடைய அப்பா, பொன்னுத்துரை அண்ணாச்சியின் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்கியவர். சோற்றுத் தூக்கோடு போகிற சிறுமி, ஐஸ் பார் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, நடுவில் மட்டும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். காத்து, உள்ளே மாட்டிக்கொண்டது என்றார் அப்பா. எந்தக் காத்து, நேத்துக் காத்தா முந்தாநாள் காத்தா என்று கேட்டாள். அவர் அடுத்த பாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலும், பிறகு கல்லூரியிலும், பிறகு மேற்குக் கரையில் ஒரு துருவ ஆராய்ச்சி நிலையத்திலும் படித்து, கடைசியில் கப்பலேறித் தென் துருவம்வரைக்கும் போனாள். அங்கே பனியின்மேல் பனி விழுந்து, ஒரு வருஷத்தின்மேல் ஒரு வருஷம் உட்கார்ந்து, அமுங்கி, கல்லாகி, மனுஷன் பிறக்காத காலத்துக் காற்றைக் குமிழி குமிழியாக உள்ளே வைத்துக்கொண்டு கிடக்கிறது. குழாய் விட்டுத் துளைத்து, நீள நீளமாக ஐஸ் தண்டுகளை உருவி எடுத்து, இந்த அடுக்கு இன்ன காலம், இந்தக் கறுப்புக்கோடு இன்ன எரிமலை கக்கிய சாம்பல், அந்த வருஷம் உலகம் இவ்வளவு குளிர்ந்திருந்தது என்று படித்துச் சொல்வது அவளுடைய உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் முதல் நாள் சொல்லித்தருகிற முதல் பாடம் ஒன்று உண்டு: வெறுங்கையால் தொடாதே. கை பட்டால் உருகும், உருகினால் அந்தக் காலம் போனது போனதுதான்.

பனிமேரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிள்ளையை அவள் நெஞ்சில் கிடத்தினாள். பிள்ளை மண்பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை, சூடு மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார். ஜெசிந்தா ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது. குளிர்ந்த எதன்மேலும் கடற்கரைக் காற்றின் ஈரம் அப்படித்தான் திரளும் என்று அவளுடைய படிப்புக்குத் தெரியும். அவளுடைய விரலுக்குத் தெரியவில்லை. விரல் பயந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, துருவத்தில் போட்டுக்கொண்ட நீலக் கையுறைகளை எடுத்து மாட்டினாள். அன்றிலிருந்து கையுறை இல்லாமல் அவள் பிள்ளையைத் தொடவில்லை. பாலைப் பீய்ச்சி, ஆறவைத்து, பாலாடையில் புகட்டினாள். வேறு யாரையும் தொடவும் விடவில்லை.

"பிள்ள வளக்கியா, பார்சல் கட்டுதியா?" என்று கித்தேரியக்கா வாசலில் நின்று கேட்டாள். "ஒரு முத்தம் குடுத்தா என்னளா தேஞ்சா போவுது?"

"தேஞ்சிரும்க்கா" என்றாள் ஜெசிந்தா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பனி தினமும் விழுந்தது. பிள்ளை தூங்கினால் விழும், விழித்தால் நிற்கும். ஜெசிந்தா ஒரு எவர்சில்வர் தட்டில் அதைப் பிடித்து, சமையல்கட்டு மேடையில் வைத்து, லென்ஸால் பார்த்து, மோந்து, உருக்கி, வடிகட்டி, அடியில் தங்குகிற தூசியைப் பார்த்தாள். அது புதுப் பனி இல்லை. தூசியும் சாம்பலும் சொன்னதைப் பார்த்தால், எந்தத் தேசத்துக் குழாயும் இதுவரை எட்டாத ஆழத்துப் பனி அது. துருவத்தின் தலைக்கு முதன்முதலாக நரை விழுந்த காலத்துப் பனி, மறுபடி முதலிலிருந்து, வரிசை தப்பாமல், பழசிலிருந்து புதுசை நோக்கி, தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை குட்டித் தூக்கம் போட்டால் சில நூறு வருஷம் கழியும். நல்லாத் தூங்கிவிட்டால் ஒரு யுகமே வந்து கட்டில் கால்வரைக்கும் கிடக்கும்.

அவளுடைய மேலதிகாரி காம்ப்ளே சார் போனில் இதைக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "ஜெசிந்தா, ஒரு ஆயுள் முழுக்கத் தேடினாலும் இது யாருக்கும் கிடைக்காது, ஒரு அடுக்கையும் விட்டுவிடாதே" என்றார்.

ஆனால் ஊர் அதற்குள் அதை உபயோகிக்கப் பழகியிருந்தது. ஒருநாள் ஜெசிந்தா குளித்துவிட்டு வந்து பார்த்தால், அறையின் ஒரு மூலை சுத்தமாகப் பெருக்கி எடுக்கப்பட்டு, தரை தெரிந்தது.

"அக்கா, இங்க கிடந்த பனி எங்க?"

"ரெண்டு கூடைதான் எடுத்தேன். நெத்திலி நெறயப் பட்டுச்சுல்லா, கெட்டுப்போவும்னு போட்டு வச்சேன்."

"என் பத்தாயிரம் வருஷத்த நெத்திலிக்குப் போட்டுட்டீங்களே!"

"பத்தாயிரமா?" என்று கித்தேரியக்கா கூடையைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் மீனு இன்னும் கண்ணத் தொறந்து முழிக்கி."

பின்னாட்களில், பெரிய பெரிய தேசங்களில் பெரிய பெரிய மண்டபங்களில் நின்று அந்தப் பனியைப் பற்றி ஜெசிந்தா பேசும்போது, காலக்கோட்டில் ஒரு வெற்றிடத்தைக் காட்டி, நெத்திலி இடைவெளி என்று சொல்வாள். வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ மலையின் பேர் என்று எழுதிக்கொள்வார்கள்.

மீனுக்கு மட்டுமா. வேர்க்குரு வந்தவர்கள் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஒரு டம்ளர் வாங்கி மென்றார்கள். பனி உருகும்போது உள்ளேயிருந்த காற்று பொரி பொரிகிற மாதிரிச் சத்தத்தோடு வெளியே வரும். அது மனுஷன் இல்லாத காலத்துக் காற்று, ஒருத்தர் வாயிலும் புகுந்து புறப்படாத காற்று, ஒரு ஏச்சும் பேச்சும் படாதது. புருஷன் பொண்டாட்டிச் சண்டையில் யாராவது உலக்கையைத் தூக்கினால், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்து ஜெசிந்தா வீட்டுச் சுவரோரம் உட்கார்த்திவைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் அந்தக் காற்றை இழுத்தால் அவர்களுக்குச் சண்டை எதிலிருந்து ஆரம்பித்தது என்பது மறந்து, சாயங்காலம் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டே எழுந்து போவார்கள்.

பொன்னுத்துரை அண்ணாச்சி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "ஏம்மா, உங்கப்பன் என்கிட்ட வேல பாத்தவன், உன்னயும் எம்மவளாட்டம் நெனச்சேன். இப்படிச் சும்மா அள்ளிக் குடுத்தா நான் ஐஸ யாருக்கு விக்க?" என்று ஆரம்பித்தவர், தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டுவதைக் கண்டு, குரலைத் தாழ்த்தி, "சரி, தூங்குதா, நான் பெறகு வாரேன்" என்றார். பெறகு வந்தபோது கிலுகிலுப்பை கொண்டுவந்தார்.

இப்படிச் சித்திரை போய், வைகாசி போய், ஆனி போய், ஆடி வந்தது. அதற்குள் பனியில் வேறொரு வாசனை ஏறியிருந்தது. தட்டில் வடிகட்டிய தண்ணீரின் அடியில் கரி தெரிந்தது. மனுஷன் அடுப்புப் பற்றவைத்து, காடெரித்து, ஆலை கட்டி, கப்பல் ஓட்டிய புகை. ஜெசிந்தா அந்தத் தட்டை வைத்துக்கொண்டு சமையல்கட்டில் வெகுநேரம் நின்றாள். யுகம் யுகமாக வந்த பனி இப்போது தாத்தா காலத்துக்கு வந்துவிட்டது. நாளை அப்பா காலத்துக்கு வரும். அதற்குப் பிறகு இன்றைக்கு வரும். இன்றைக்கு வந்த பிறகு?

அவள் இதுவரை பார்த்த எந்த ஐஸ் தண்டுக்கும் மேல்முனை என்று ஒன்று உண்டு. அதற்குமேல் காற்றுதான்.

நெத்திலிக்கும் முதுகுக்கும் போன அடுக்குகள் போக, எவ்வளவு பாக்கி என்று அவளால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை தூங்கத் தூங்கப் பனி தீர்கிறது. பனி தீர்ந்தால், பனியோடு வந்த பிள்ளை என்ன ஆகும்? உள்ளங்கால் குளிர்ந்தே இருக்கிற, ஒரு நாளும் வேர்க்காத, தொட்டால் சொட்டு நிற்கிற பிள்ளை.

அவள் பிள்ளையைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். கண் சொக்கினால் கிலுகிலுப்பையை ஆட்டினாள். ரேடியோவைத் திருகினாள். அண்ணாச்சியின் லாரி ஹாரனை அடிக்கச் சொன்னாள். பிள்ளை சிணுங்கிச் சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. கித்தேரியக்கா ஓடிவந்து பார்த்து, "பாவி, எந்தத் தாயாவது தூங்குத பிள்ளயத் தட்டி எழுப்புவாளா? ஊருல நாங்க எல்லாம் தூங்க வைக்கப் பாடுபடுதோம்" என்று ஏசினாள். ஜெசிந்தா பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். அழுத அசதியில் இரண்டு பேருமே கண்ணயர்ந்தார்கள்.

விழித்தபோது கணுக்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அதில் டீசல் வாசனை அடித்தது. கையுறையால் அளைந்து பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பளி நூல் கிடைத்தது. அது அவளுடைய ஜாக்கெட்டு நூல். கடைசியாகத் துருவத்துக்குப் போனபோது துளைக்கிற எந்திரத்தில் மாட்டிக் கிழிந்தது. அப்போது அவளுக்குப் பிள்ளை வயிற்றில் உண்டாகவே இல்லை. அந்தப் பயணத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இனி ஒரு நல்ல தூக்கம்தான் பாக்கி.

மறுநாள் ஊரில் மாதா திருநாள்.

அந்தத் திருநாளில் மூக்குத்தித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளைக் கடற்கரையிலிருந்து கோயில் வாசல்வரைக்கும் கைக்குக் கை கொடுத்துக் கொண்டுவருவார்கள். ஊர் முழுக்க இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். பெற்றவள் மட்டும் வரிசையில் நிற்கக் கூடாது. கோயில் வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். எல்லாக் கையும் பட்டு வந்த பிள்ளைதான் ஊர்ப்பிள்ளை என்பது கணக்கு. ஜெசிந்தா முன்கூட்டியே சொல்லிவிட்டாள், என் பிள்ளை வராது என்று.

காலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனாள். "அண்ணாச்சி, குளிர் ரூமத் தொறந்து விடுங்க. பனி தீந்தாலும் குளிர் தீராத எடத்துல இவ இருக்கணும்."

"திருநாளு அன்னிக்கா? எவ்வளவு நேரம்?"

"தெரியல அண்ணாச்சி."

அவர் தாழ்ப்பாளைத் தள்ளி, தன்னுடைய பட்டுத் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டு, கதவைச் சாத்தினார்.

உள்ளே ஐஸ் பார்கள் சுவர்போல அடுக்கியிருந்தன. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் வெள்ளை. ஒரே ஒரு பல்பு. ஜெசிந்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை அழவில்லை. கண் திறந்தே இருந்தது. சொக்கவில்லை, கொட்டாவி விடவில்லை, காலை உதைக்கவில்லை, வாயைச் சப்புக்கொட்டவில்லை. மூச்சு, இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற அளவுக்கு மெதுவாக வந்தது. இந்த அமைதி ஜெசிந்தாவுக்குப் பழக்கமானது. ஆராய்ச்சி நிலையத்துக் கிடங்கில், ஐஸ் தண்டுகள் பெட்டி பெட்டியாக இப்படித்தான் கிடக்கும். ஒன்றும் உருகாது. ஒன்றும் நடக்கவும் நடக்காது. அவற்றுக்கு நடக்க வேண்டியதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அதனால்தான் அவை அவ்வளவு பத்திரமாக இருக்கின்றன.

வெளியே, தூரத்தில், பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. முதல் டிரம் அடி கேட்டதும் பிள்ளை மெதுவாக, கழுத்து இன்னும் முழுசாக நிற்காத பிள்ளை, தலையைக் கதவுப் பக்கம் திருப்பியது.

ஜெசிந்தா எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

வெளியே அண்ணாச்சியின் பக்கத்தில் கித்தேரியக்கா திருநாள் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். "எல்லாப் பிள்ளையும் போயாச்சு. வரிசை கலையாம நிக்கி. உனக்காவத்தான்."

"ராத்திரியெல்லாம் அவளத் தூங்க விடலக்கா. கைபட்டா தூங்கிருவா. தூங்கினா பனி முடிஞ்சிரும்."

"முடிஞ்சா முடியட்டும். ஐஸுக்கு அண்ணாச்சி இருக்காவ."

"பனியோட சேந்து இவளும் முடிஞ்சிட்டா?"

கித்தேரியக்காவின் கண் கலங்கியது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"இங்க குடு. நாங்களும் கொஞ்சம் பயப்படுதோம்."

ஜெசிந்தா கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஊர் வழக்கப்படி, திரும்பிப் பார்க்காமல் கோயில் வாசலுக்கு நடந்தாள்.

அலை தொடுகிற இடத்தில் கித்தேரியக்காவின் மீன் வாசக் கையில் ஆரம்பித்து, அண்ணாச்சியின் மோதிரக் கைக்கு வந்து, வலை இழுத்துக் காய்த்த கைகளுக்கும், உப்பு வாரி வெடித்த கைகளுக்கும், மருதாணி வைத்த கைகளுக்கும், நேற்று உலக்கையைத் தூக்கிய கைகளுக்கும் மாறி மாறி, பனிமேரி வந்தாள். இரண்டாவது கையிலேயே தூங்கிவிட்டாள். பனி விழ ஆரம்பித்தது. ஃபேனும் இல்லை, கூரையும் இல்லை. வெறும் வெயிலிலிருந்து அது விழுந்து, வரிசையில் நின்றவர்களின் எண்ணெய் தேய்த்த தலையிலும், கஞ்சி போட்ட சட்டையிலும், பேண்டுக்காரர்களின் குழாய்க்குள்ளும் விழுந்தது. எல்லாரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். வாங்குகிற ஒவ்வொருத்தரும், "ஜில்லுன்னு இருக்கா", "ராசாத்தி ஜில்லுன்னு இருக்கா" என்று சொல்லி அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். பாதி வழிக்குமேல், "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கா" என்றார்கள். வேப்பமரத்தைத் தாண்டியதும் எதுவும் சொல்லாமல் கொடுத்தார்கள்.

கோயில் வாசலில் நின்ற ஜெசிந்தா பனி மெலிவதைப் பார்த்தாள். சலித்த மாவாக இருந்தது இழையானது, இழை பொட்டானது. கடைசிப் பொட்டு மிதந்து வந்து அவளுடைய நீலக் கையுறையில் உட்கார்ந்தது. அவள் மோந்து பார்த்தாள். டீசல் இல்லை. மெழுகுவர்த்தி, நெத்திலி, மல்லிகைப்பூ. இன்றைக்குப் பனி. அது கரைந்ததும் மேலே வானம்தான் இருந்தது.

வரிசையின் கடைசிக் கை பங்குச் சாமியாருடையது. அவர் பிள்ளையை நீட்டியபோது, "வெறுங்கையோட வாங்கணும்மா" என்றார்.

ஜெசிந்தா கையுறைகளைக் கழற்றினாள். இத்தனை மாதம் உள்ளேயே கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கி இருந்தன. பிள்ளையை வாங்கினாள். கனத்தது. தூக்கத்தில் வாய் திறந்திருந்தது. நெற்றியில் தண்ணீர் திரண்டு, புருவத்தில் வழிந்து, மூக்கோரம் நின்றது. ஊரே பார்க்க, ஜெசிந்தாவின் விரல் போய் அந்தச் சொட்டைத் தொட்டது. உருகின பனியை அவள் ஆயிரம் தடவை ருசி பார்த்திருக்கிறாள். துருவத்துப் பனிக்கு எந்த ருசியும் கிடையாது. அவள் விரலை நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

"என்னளா?" என்று வரிசைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்த கித்தேரியக்கா மூச்சு வாங்கக் கேட்டாள். "என்னளா, சொல்லித் தொலை!"

"வேர்த்திருக்கா" என்றாள் ஜெசிந்தா. பிள்ளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, எம்பிள்ளைக்கு வேர்த்திருக்கு" என்றாள்.

பங்குச் சாமியார் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார், வேர்த்திருக்காம். அவர் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். பிள்ளை வந்த வழியே, ஒவ்வொரு வாயாக, வேப்பமரத்தைத் தாண்டி, அண்ணாச்சியைத் தாண்டி, அலை தொடுகிற இடம்வரைக்கும் அந்தச் செய்தி திரும்பிப் போனது: வேர்த்திருக்காம், பனிமேரிக்கு வேர்த்திருக்காம், யாராவது போய் ஒரு டப்பா பவுடர் வாங்கிட்டு வாங்க.